கஷ்டப்பட்டுக் குறைத்த எடை மறுபடி ஏறுவது ஏன்? பசியையும் மெட்டபாலிசத்தையும் ஆட்டிவைக்கும் 'லெப்டின்' ஹார்மோன் - முழு விளக்கம்

"மூணு மாசத்துல எட்டு கிலோ குறைச்சேன். அடுத்த ஆறு மாசத்துல பத்து கிலோ ஏறிடுச்சு."

இப்படிச் சொல்லும் ஒருவராவது எல்லா வீட்டிலும், எல்லா ஆபீஸிலும் இருப்பார். அவருக்குப் பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே அறிவுரைதான்: "வாயைக் கட்டு."

ஆனால் வாயைக் கட்டுவது ஏன் நாளாக ஆக இன்னும் கஷ்டமாகிறது? முதல் மாதம் சட்டென்று இறங்கிய எடை, பிறகு ஏன் அசைய மறுக்கிறது? இந்தக் கேள்விகளுக்கான பதிலில் பெரும்பங்கு, நம் உடலில் இருக்கும் கொழுப்பே சுரக்கும் ஒரு ஹார்மோனிடம் இருக்கிறது. அதன் பெயர் லெப்டின்.

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் 'மவுன்ஜாரோ', அதே ஆண்டு ஜூனில் 'வெகோவி' விற்பனைக்கு வந்தன. "ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வந்துவிடுமா?" என்பதுதான் இப்போது பலரும் கேட்கும் கேள்வி. அதைப் புரிந்துகொள்ளவும் லெப்டினின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது யாரோ சிலருடைய பிரச்னை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்களில் இது 37 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்களில் 30.9, ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது.

லெப்டின் என்றால் என்ன?

கொழுப்பு என்றாலே வேண்டாத சுமை, சும்மா கிடக்கும் சதை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அது ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் முக்கியமானது லெப்டின். 'மெலிந்த' என்று பொருள்படும் 'லெப்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து இந்தப் பெயர் வந்தது.

உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தால் ரத்தத்தில் லெப்டின் அதிகமாக இருக்கும். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். ஒரே அளவு கொழுப்பு இருந்தாலும், ஆண்களைவிடப் பெண்களுக்கு லெப்டின் அளவு கூடுதலாக இருப்பது வழக்கம்.

வீட்டில் அரிசி டிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்மில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று பார்த்து, அம்மாவிடம் போய்ச் சொல்லும் ஆள்தான் லெப்டின். டிரம் என்பது கொழுப்பு. அம்மா என்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ். பசி, உடல் வெப்பம், தைராய்டு, மாதவிடாய் என்று பல விஷயங்களைக் கட்டுப்படுத்தும் இடம் அது.

அரிசி இருக்கிறது என்று தகவல் வந்தால் வீட்டில் பதற்றம் இல்லை. "குறைஞ்சுக்கிட்டே வருது" என்று தகவல் வந்தால் என்ன நடக்கும்? ஒரு பக்கம் அரிசி வாங்க ஓடுவார்கள். மறுபக்கம் செலவைச் சுருக்குவார்கள். உடலும் இதைத்தான் செய்கிறது. அரிசி வாங்க ஓடுவது பசி. செலவைச் சுருக்குவது மெட்டபாலிசம் குறைவது.

குண்டு எலியிடம் கிடைத்த ரகசியம்

இந்த ஹார்மோனின் கதை 1949-ல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் சில மட்டும் நிறுத்தாமல் தின்று, சாதாரண எலியைப் போல மூன்று மடங்கு எடைக்குப் பெருத்தன. ஏதோ ஒரு மரபணுக் கோளாறு என்று தெரிந்தது. எந்த மரபணு என்று தெரியவில்லை. 1960-களில் வேறு ஒரு வகை குண்டு எலியும் அதே ஆய்வகத்தில் கிடைத்தது. இதற்குச் சர்க்கரை நோயும் கடுமையாக இருந்தது.

அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் ஒரு சோதனை செய்தார். ஒரு எலியின் ரத்தம் இன்னொரு எலிக்குப் போகும்படி இரண்டையும் அறுவை சிகிச்சையில் இணைத்தார்.

முதல் வகை குண்டு எலியைச் சாதாரண எலியுடன் இணைத்தபோது, குண்டு எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. இரண்டாவது வகையைச் சாதாரண எலியுடன் இணைத்தபோது நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. குண்டு எலிக்கு எந்த மாற்றமும் இல்லை. சாதாரண எலி சாப்பிடுவதை நிறுத்திப் பட்டினியால் செத்தது.

இதிலிருந்து கோல்மன் ஒரு முடிவுக்கு வந்தார். ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள் "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. முதல் வகை எலிக்கு அந்தப் பொருளே சுரக்கவில்லை. இரண்டாவது வகையின் ரத்தத்தில் அது நிறைய இருக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அதைக் கேட்கும் காது இல்லை.

அந்தப் பொருள் எது என்று தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆனது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் தலைமையிலான குழு, சுமார் எட்டு ஆண்டுகள் தேடி 1994-ல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உருவாக்கும் புரதம்தான் லெப்டின். இந்தப் பணிக்காக கோல்மனும் ஃப்ரீட்மேனும் 2010-ல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

ஊசி போட்டால் இளைக்கலாம் என்ற கனவு

1995-ல் லெப்டின் ஊசி போடப்பட்ட குண்டு எலிகள் மளமளவென்று இளைத்தன. குறைவாகத் தின்றன. அவற்றின் உடல் வெப்பமும், உடல் செலவழிக்கும் சக்தியும் கூடின. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆம்ஜென் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், லெப்டின் உரிமத்துக்காக முன்பணமாக மட்டும் 2 கோடி டாலர் கொடுத்தது.

மனிதர்களிலும் நம்பிக்கையூட்டும் செய்தி வந்தது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997-ல், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பற்றி அறிவித்தனர். 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக் குழந்தைக்கு 2 வயதிலேயே 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். இருவருக்கும் லெப்டின் சுரக்கவே இல்லை.

எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குழந்தைகளுக்குப் பசி அடங்கவில்லை. டிரம் நிறைய அரிசி இருந்தும், தகவல் சொல்ல ஆள் இல்லாததால், பட்டினி கிடப்பதாகவே மூளை நினைத்துக்கொண்டிருந்தது.

சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓராஹிலி ஆகியோரின் குழு, 9 வயதில் 94.4 கிலோ இருந்த சிறுமிக்கு லெப்டின் ஊசி கொடுத்தது. ஒரே ஆண்டில் 16.4 கிலோ குறைந்தது. குறைந்ததில் கிட்டத்தட்ட எல்லாமே கொழுப்பு. பசி அடங்கியதே இதற்கு முக்கியக் காரணம். எலிகளில் தெரிந்த அளவுக்கு, குழந்தைகளின் உடல் சக்தியைச் செலவழிக்கும் வேகம் மாறவில்லை.

ஆனால் இப்படி லெப்டின் சுரக்காதவர்கள் உலகிலேயே மிக மிகச் சிலர். மற்ற எல்லோருக்கும் என்ன?

இங்கேதான் கனவு கலைந்தது. 1996-ல் வெளியான ஆய்வு, உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது என்று காட்டியது. 1999-ல் சாதாரண உடல் பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மிக அதிக டோஸ் எடுத்துக்கொண்டு 24 வாரங்கள் தாக்குப்பிடித்த சிலருக்குச் சராசரியாக 7.1 கிலோ குறைந்தது. மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 1.3 கிலோ. ஆளுக்கு ஆள் பலன் பெரிதும் மாறுபட்டது. எடை குறைப்பு மருந்து என்ற கனவு அத்தோடு முடிந்தது.

தகவல் சொல்லும் ஆள் கத்திக்கொண்டே இருக்கிறார். மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. இதைத்தான் 'லெப்டின் எதிர்ப்பு நிலை' என்கிறார்கள் மருத்துவர்கள். சர்க்கரை நோயில் சொல்லப்படும் 'இன்சுலின் எதிர்ப்பு நிலை' போன்றது இது.

லெப்டினின் உண்மையான வேலை என்ன?

இந்தத் தோல்விக்குப் பிறகு கேள்வியே மாறியது. லெப்டின் நம்மை ஒல்லியாக வைத்திருக்க உருவான ஹார்மோன்தானா?

1996-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சில எலிகளைப் பட்டினி போட்டனர். பட்டினியில் லெப்டின் சரிந்தது. கூடவே தைராய்டு ஹார்மோனும், இனப்பெருக்க ஹார்மோன்களும் குறைந்தன. பட்டினி கிடக்கும் எலிக்கு வெளியிலிருந்து லெப்டின் மட்டும் கொடுத்தபோது, இந்த மாற்றங்கள் பெருமளவு தடுக்கப்பட்டன. சாப்பாடு இல்லாத உடலுக்குச் "சாப்பாடு இருக்கிறது" என்று பொய்த் தகவல் போனது, உடலும் அதை நம்பியது.

அதாவது, லெப்டின் அதிகமானால் உடல் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. லெப்டின் குறைந்தால் உடல் அலறுகிறது. கொழுப்பு கூடினால் எச்சரிப்பது அல்ல, பஞ்சம் வந்தால் எச்சரிப்பதே அதன் முதன்மையான வேலை என்று பல ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் ஆபத்து, சாப்பாடு அதிகமாகக் கிடைப்பது அல்ல. கிடைக்காமல் போவதுதான். பஞ்ச காலத்தில் பசியைத் தூண்டி, செலவைக் குறைத்து, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் உடல்தான் பிழைத்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்து உடலில் கொழுப்பே இல்லாத அளவுக்கு இளைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதன் தொடர்ச்சிதான். அப்படிப்பட்ட சில பெண்களுக்கு லெப்டின் ஊசி கொடுத்தபோது ஹார்மோன் சுழற்சி திரும்பியதாக 2004-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது.

நாம் ஆசைப்பட்டு டயட் இருக்கிறோமா, பஞ்சத்தில் பட்டினி கிடக்கிறோமா என்று உடலுக்குத் தெரியாது. இன்னொரு முக்கிய விஷயம்: சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால், கொழுப்பு குறையும் வேகத்தைவிட மிக வேகமாக லெப்டின் சரிகிறது. டிரம்மில் கைப்பிடி அரிசி குறைந்ததுமே "காலியாகப் போகுது" என்று கத்தும் ஆள் அது.

மெட்டபாலிசம் எவ்வளவு குறைகிறது?

நாம் படுத்துக்கிடந்தாலும் இதயம் துடிக்க, மூளை இயங்க, உடல் சூட்டைத் தக்கவைக்க சக்தி செலவாகிறது. ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு உடல் எரிக்கும் இந்த கலோரி அளவைத்தான் ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம் என்கிறார்கள். பேச்சுவழக்கில் 'மெட்டபாலிசம்'.

எடை குறைந்தால் செலவும் குறைவது இயல்பு. சின்ன வண்டிக்குக் குறைந்த பெட்ரோல் போதும். ஆனால் உடல் அதையும் தாண்டிச் சிக்கனம் பிடிக்கிறது என்பதுதான் விஷயம்.

நியூயார்க்கில் ரூடால்ஃப் லைபல், மைக்கேல் ரோசன்பாம் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் இதை அளந்தனர். எடையில் 10 சதவீதத்தைக் குறைத்து அதிலேயே நிற்பவரின் உடல், அதே எடையில் இயல்பாகவே இருப்பவரின் உடலைவிட நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது. கிட்டத்தட்ட மூன்று சப்பாத்தி அளவு. இருவருக்கும் ஒரே எடை. ஒருவர் மட்டும் தினமும் மூன்று சப்பாத்தி குறைத்துச் சாப்பிட்டால்தான் அந்த எடை நிற்கும்.

அந்தக் கலோரி எங்கே மிச்சமாகிறது? தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் குறைகிறது. உடலை முடுக்கிவிடும் நரம்பு மண்டலம் மந்தமாகிறது. தசைகள் அதே வேலையைக் குறைந்த சக்தியில் செய்யப் பழகுகின்றன. இப்படி எடை குறைத்த சிலருக்கு, பழைய அளவுக்கு வரும்படி குறைந்த டோஸில் லெப்டின் கொடுத்தபோது, இந்தச் சிக்கனம் பெருமளவு விலகியது. மெட்டபாலிசம் குறைவதில் லெப்டினுக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு மனிதர்களில் கிடைத்த வலுவான சான்று இது.

டிவி ஷோ சொன்ன பாடம்

'தி பிகஸ்ட் லூசர்' என்பது உலகப் புகழ்பெற்ற அமெரிக்க ரியாலிட்டி ஷோ. அதிக எடையைக் குறைப்பவருக்குப் பரிசு. 2009-ல் வெற்றிபெற்ற டேனி காஹில், ஏழே மாதத்தில் சுமார் 195 கிலோவிலிருந்து 87 கிலோவுக்கு இறங்கினார். மேடையில் கைதட்டல், கண்ணீர், கொண்டாட்டம். ஷோ முடிந்த பிறகு நடந்ததை கேமரா பிடிக்கவில்லை.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால், அந்தப் போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தார். 2016-ல் வெளியான முடிவுகள் இவை:

* போட்டியில் சராசரியாகக் குறைந்தது 58 கிலோ. ஆறு ஆண்டுகளில் திரும்பி வந்தது 41 கிலோ.

* போட்டிக்கு முன் சுமார் 41 நானோகிராமாக இருந்த லெப்டின், போட்டி முடிந்தபோது 2.6-ஆகச் சரிந்திருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 28-தான்.

* ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும், அவர்களின் எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே உடல் எரித்துக்கொண்டிருந்தது.

எடை திரும்பி வந்துவிட்டது. சிக்கனம் மட்டும் போகவில்லை. லெப்டின் ஓரளவு மீண்ட பிறகும் மெட்டபாலிசம் மீளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லெப்டின் பெரிய பங்காளி, ஆனால் ஒரே பங்காளி இல்லை என்பதையும் இதே ஆய்வு காட்டுகிறது.

பசியா, மெட்டபாலிசமா: எது பெரிய வில்லன்?

"என் மெட்டபாலிசம் ஸ்லோ, அதான் எடை ஏறுது" என்று சொல்பவர்கள் அதிகம். ஹாலின் ஆய்வில் ஒரு விஷயம் இதற்கு இடிக்கிறது. போட்டி முடிவில் மெட்டபாலிசம் அதிகம் சரிந்தவர்கள்தான் பிறகு அதிகம் எடை போட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. நீண்ட காலம் எடையைக் காப்பாற்றியவர்களிடமே மெட்டபாலிசம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அப்படியென்றால் எடையைத் திருப்பிக் கொண்டுவருவது எது? ஹால் குழுவின் இன்னொரு கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், உடலின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி, தினமும் சுமார் 100 கலோரி கூடுகிறது.

ஐந்து கிலோ குறைத்தவருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். உடல் 100 முதல் 150 கலோரியை மிச்சம் பிடிக்கிறது. பசியோ, முன்பு சாப்பிட்டதைவிட 500 கலோரி அதிகம் கேட்கிறது. மெட்டபாலிசத்தின் இழுப்பைவிடப் பசியின் இழுப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தப் பசி ஒரு நாள், இரண்டு நாள் வந்து போவது இல்லை. டயட் இருப்பவர் அதே மன உறுதியோடு இருந்தாலும், எதிரில் நிற்கும் பசி ஒவ்வொரு கிலோவுக்கும் வளர்ந்துகொண்டே போகிறது. ஆறு மாதத்தில் எடை இறங்குவது நின்றுவிட, பலரும் சோர்ந்துபோவது இதனால்தான். "எனக்கு மன உறுதி இல்லை" என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

ஒல்லியாக இருந்தால் கவலை இல்லையா?

இந்தியர்களுக்கு இதில் தனிச் செய்தி இருக்கிறது. லெப்டின் பார்ப்பது எடையை அல்ல, கொழுப்பை.

புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் 2004-ல் தங்கள் படத்தையே மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்றும் யாக்னிக் குழு காட்டியது. லண்டன் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறந்த புனே குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில், லெப்டின் ஏறக்குறைய அதே அளவு இருந்தது. எடையில் சின்னக் குழந்தை, ஆனால் கொழுப்பில் குறைவில்லை. அதனால் நம் ஊரில் எடை மெஷினை மட்டும் நம்பாமல், இடுப்புச் சுற்றளவையும் அளக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்?

வெகோவி, மவுன்ஜாரோ ஊசிகள் லெப்டின் ஊசிகள் அல்ல. சாப்பிட்ட பிறகு குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களைப் போல நடித்து, "வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்பவை. லெப்டினின் பேச்சைக் கேட்காத மூளை, இந்த வழியாக வரும் பேச்சைக் கேட்கிறது. அவை வேலை செய்வது இப்படித்தான்.

ஆனால் கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைவது அங்கேயும் நடக்கும். ஊசி இருக்கும்வரை பசியின் குரல் அமுங்கியிருக்கும். நிறுத்தினால்? வெகோவியில் இருக்கும் செமக்ளூட்டைட் மருந்தை 68 வாரங்கள் எடுத்துக்கொண்டு சராசரியாக 17.3 சதவீத எடையைக் குறைத்தவர்கள், நிறுத்திய ஓராண்டில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எனவே "ஆறு மாசம் ஊசி போட்டுட்டு நிறுத்திடலாம்" என்ற கணக்கு பெரும்பாலும் தப்பாகவே முடியும். ரத்த அழுத்த மாத்திரையைப் போல, நீண்ட காலச் சிகிச்சையாக இதை எடுத்துக்கொள்ள முடியுமா, செலவைத் தாங்க முடியுமா, பக்கவிளைவுகள் என்ன என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

'லெப்டின் மாத்திரை' நம்பலாமா?

ஆன்லைனில் 'லெப்டின்' பெயரில் கேப்சூல்கள், 'லெப்டின் டயட்' திட்டங்கள் கிடைக்கின்றன. ஒன்றை நினைவில் வைத்தால் போதும். லெப்டின் ஒரு புரதம். வாய்வழியாக விழுங்கினால் பருப்பு, முட்டையில் இருக்கும் புரதம் போலவே அதுவும் வயிற்றில் ஜீரணமாகிவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதே காரணத்தால்தான்.

உண்மையான லெப்டின் மருந்தும் இருக்கிறது. மெட்ரெலெப்டின் என்ற அந்த ஊசிக்கு 2014-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. யாருக்கு என்பதுதான் விசித்திரம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அல்ல, 'லிப்போடிஸ்ட்ரோபி' என்ற அரிய நோயால் உடலில் கொழுப்புத் திசுவே இல்லாதவர்களுக்கு. கொழுப்பு இல்லை, எனவே லெப்டின் இல்லை. பார்க்க ஒல்லி, ஆனால் அடங்காத பசி, கடுமையான சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு. கொழுப்பே இல்லாமல் இருப்பதும் ஆபத்துதான் என்பதற்கு இவர்களே சாட்சி.

மூளையை மறுபடி லெப்டினின் பேச்சைக் கேட்க வைக்க முடியுமா என்ற தேடல் நிற்கவில்லை. ராபமைசின் என்ற மருந்து, குண்டு எலிகளின் லெப்டின் எதிர்ப்பு நிலையைத் திருப்பியதாக ஃப்ரீட்மேன் ஆய்வகம் 2025-ல் அறிவித்தது. ஆனால் உறுப்பு மாற்று சிகிச்சையில் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கப்படும் மருந்து அது. எடை குறைக்க யாரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாதது.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

உடல் எதிர்த்துத் தள்ளும் என்று தெரிந்தே திட்டமிடுவதுதான் முதல் படி.

1. பட்டினி டயட் வேண்டாம்: சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் லெப்டினும் திடீரென்று சரியும். விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்க முடிகிற மாற்றமே நிற்கும். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், காய்கறி என்று வயிறு நிறையும் உணவு வர வேண்டும்.

2. இலக்கு சின்னதாக இருக்கட்டும்: எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோதான்.

3. எடை குறைந்த பிறகுதான் நடை முக்கியம்: 'பிகஸ்ட் லூசர்' போட்டியாளர்களில் எடையைக் காப்பாற்றியவர்கள் உடல் உழைப்பை மிக அதிகமாகக் கூட்டியிருந்தனர். அந்த அளவு, தினமும் சுமார் 80 நிமிட மிதமான உழைப்புக்குச் சமம். எல்லோருக்கும் முடியாவிட்டாலும், இலக்கை எட்டியதும் வாக்கிங்கை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு என்பது இதில் தெரிகிறது.

4. தூக்கத்தை விடாதீர்கள்: இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்த 12 இளைஞர்களுக்கு, 10 மணி நேரம் இருந்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியும் கூடியதாக 2004-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் லெப்டின் விஷயத்தில் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் அதிகம் சாப்பிடுகிறோம் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

5. குழந்தைகளைக் கவனியுங்கள்: கைக்குழந்தைப் பருவத்திலேயே எடை வேகமாக ஏறி, எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காமல் அழும் குழந்தையை, "நல்லா புஷ்டியா இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. குழந்தைகளுக்கான ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். லெப்டின் சுரக்காத குறைபாடு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் ஏற்படுவது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

எடை என்பது நாம் சாப்பிடுவதிலும் நடப்பதிலும் மட்டும் தீர்மானமாவது இல்லை. அதற்காக நம் கையில் எதுவுமே இல்லை என்றும் அர்த்தமில்லை. குறைத்த எடையில் பாதியைக் காப்பாற்றினாலும் அது லாபம்தான். டிரம் காலியாவதாக நினைத்துக் கத்தும் ஒரு ஹார்மோனை எதிர்த்து, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கிடைத்த லாபம் அது.

அடுத்த முறை கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்து, "என்ன, மறுபடியும் வெயிட் போட்டுட்டியா?" என்று கேட்க வாய் வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். அவர் டயட்டைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் அவர் உடல் பசியைக் கைவிடவே இல்லை.